வேண்டாம் என்ற சொல்

எங்கள் இளைய மகனுக்கு நான்கு வயதானபோது, அவனுக்கு ஆட்டிசம் இருப்பதாகத் தில்லியில் ஒரு மருத்துவர் கூறினார். தமிழில் இதனை மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். அச்சொல் எங்களுக்கு உவப்பானதன்று. வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், இந்தியே போதும் என்றும் அவர் அறிவுரைத்தார். இரு மொழி கேட்டு வளர்வதால் இத்தகைய குழந்தைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருப்பதைப் பின்னாளில்தான் அறிந்தோம். ஓராண்டுக் காலம் அடுக்களையில்கூட உடைந்த இந்தி பேசினோம்.

ஊரிலிருந்து வந்த அவன் பாட்டிக்கோ இந்தி தெரியாது. எதனை எடுத்தாலும், வேணுமா, வேண்டாமா என்று அவனிடம் ஓயாமல் கேட்பார். ஒருநாள் கத்தரிக்காய்க் கூட்டைப் பார்த்து அவன் தெளிவாக, "வேண்டாம்" என்றான். வீடே மகிழ்ந்தது. மகிழ்ந்துவிட்டு, கூட்டை ஊட்டினோம்.

அடுத்த நான்கு ஆண்டுகளும் அப்படியே கழிந்தன. உறுத்தும் கம்பளிச் சட்டை, முடிவெட்டு, விருந்தாளி அத்தையின் மடி என அவன் மறுத்தவை யாவும் அன்பின் பெயரால் நடந்தேறின. சொன்னபடி கேட்கும் பிள்ளை என்று பிறர் பாராட்டியபோது பெருமிதமும் கொண்டோம்.

அவனுக்கு ஒன்பது வயதில், மேற்கையில் கன்றிய தழும்புகளை அவன் அக்காள்தான் கண்டாள். பள்ளி வண்டியில் உடன்வந்த ஊழியர் பல வாரங்களாகக் கிள்ளியிருக்கிறார். எங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "சமத்தா இரு. சொன்னதைக் கேளு" என்றான், எங்கள் குரலிலேயே.

அன்றிரவு நாங்கள் இருவரும் உண்ணவில்லை.

தனக்காகத் தானே பேசுதல் என்பது பெரியவனானபின் கற்பிக்கும் பாடம் என்றே அதுவரை எண்ணியிருந்தோம். விதி எண்களைத் தேடியே அலுவலகத்தில் காலம் கழிப்பவர்களுக்கு, இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு கண்ணில் படாமல் போயிற்று. மாற்றுத்திறனுடைய குழந்தைக்கும் தன்னைப் பற்றிய செய்திகளில் கருத்துரைக்கும் உரிமை உண்டென்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதனை மதிக்க வேண்டுமென்றும் அது கூறுகிறது.

வேண்டாம், போதும், வலிக்கிறது, சத்தம் என்று நான்கு அட்டைகள் எழுதினோம். பதற்றத்தில் அவனுக்குச் சொல் வாராது, கை வரும். அட்டையைக் காட்டினால் அக்கணமே நிறுத்துவது என்பது வீட்டின் சட்டமாயிற்று. மருந்துக்கும் சாலை கடப்பதற்கும் மட்டும் விலக்கு. அங்கும் காரணத்தை முன்னரே சொல்லிவிடுவோம். எளிதாக இருக்கவில்லை. பல் துலக்கவும் "வேண்டாம்" வந்தது. பிரஷ்ஷை மாற்றியபின்தான் பழையதன் முரட்டுத்தனம் எங்களுக்குப் புரிந்தது. பள்ளியில் அவனைப் பற்றிப் பேசும் கூட்டங்களில் இப்பொழுது அவனும் அமர்கிறான். பாதி நேரம் மின்விசிறியைத்தான் பார்க்கிறான். ஆயினும் சென்ற முறை, இடம் மாற்றி அமர்த்துவது பற்றிப் பேச்சு வந்தபோது, "ஜன்னல்" என்றான். ஜன்னலோரமே கிடைத்தது.

அவனுக்கு இப்போது பதின்மூன்று வயது. சென்ற பொங்கல் விழாவில், பாட்டுக் கச்சேரியின் நடுவே முன்வரிசையிலிருந்து எழுந்து சென்றவர்கள் நாங்கள்தாம். பாடியவர் பொறுத்தருள வேண்டும். மூன்றாவது அட்டை எங்கள் முன் நீண்டிருந்தது, "வலிக்கிறது" என்று. வெளியே படிக்கட்டில் அமர்ந்திருந்தோம். ஒலிபெருக்கி சற்றே தணிந்ததும் அவனே எழுந்து, "உள்ளே" என்றான்.