வைவாவில் நான் சொன்ன பதில்

முதல் வருஷ ஃபிசிக்ஸ் லேப் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். இருட்டு அறை, மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கு, நடுவில் ஸ்பெக்ட்ரோமீட்டர். வைவாவில், "காலிமேட்டர் எதுக்குப்பா?" என்று கேட்டார்கள். "ஒளியை இணைக்கதிராக மாற்ற, சார்" என்றேன். மார்க் கிடைத்தது. அதோடு மறந்தும் போனேன்.

இரண்டாம் வருஷம் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இடது பக்கம். ஆபரேஷன் முடிந்ததும் ரேடியேஷன் என்றார்கள்.

"இடது பக்கம்னா பக்கத்திலேயே இதயம் இருக்கே டாக்டர்?"

அவர் என் படிப்பை விசாரித்துவிட்டு, திரையில் அம்மாவின் ஸ்கேனைக் காட்டினார். அவர் சொன்ன விளக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை காலிமேட்டர்தான்.

நம்ம லேப் காலிமேட்டரில் ஒரு முனையில் பிளவு, மறுமுனையில் குவிலென்ஸ். பிளவு லென்ஸின் குவியத்தில் இருந்தால் கதிர்கள் இணையாக வெளியே வரும். ஆனால் லீனியர் ஆக்சிலரேட்டரின் எக்ஸ் கதிரிடம் கண்ணாடி லென்ஸ் பலிக்காது, ஊடுருவிப் போய்விடும். தடுக்கத்தான் வேண்டும். அதற்குத்தான் டங்ஸ்டன் கலந்த உலோகத் தகடுகள். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் என்றால், டங்ஸ்டன் 19.3 கிராம். பல இயந்திரங்களில் இப்படி 60 ஜோடித் தகடுகள் எதிரெதிரே நிற்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாக நகரும். சிகிச்சை வேண்டிய இடத்தின் வடிவத்துக்கு நடுவில் வழி விட்டு, மற்ற இடத்தை மறைத்துக்கொள்ளும்.

"முழுசா தடுத்துடுமா?"

"இல்லப்பா. கொஞ்சம் கசியும், உடம்புக்குள்ளயும் சிதறும். இதயத்துக்கு எவ்வளவு போகும்னு கணக்குப் பார்த்துட்டுதான் ஆரம்பிப்போம்."

பொய்யாகத் தைரியம் சொல்லாத அந்தப் பதில்தான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

25 நாள். அம்மா தனியாக உள்ளே போவாங்க, கனமான கதவு மூடும். வெளியே பெஞ்சில் நான். ஒருநாள் பஸ்ஸில் வரும்போது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அந்தத் தகடெல்லாம் எனக்குக் காவல் நிக்குதுன்னு சொல்லு" என்றார்கள்.

போன மாசம் செக்கப். நல்லா இருக்காங்க.

நான் வைவாவில் சொன்னது தப்பில்லை. ஆனால் இன்றைக்கு அதே கேள்வியை நீங்கள் கேட்டால் இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்வேன்: போகக்கூடாத இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள.