ரென் அண்ட் மார்ட்டினும் சொல்தா தாத்தாவும்

எண்பதுகளில், புதுச்சேரியை அடுத்த அபிஷேகப்பாக்கத்தில், எனக்கு இங்கிலீஷ் கிராமர் ஏறியது ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வீட்டுத் திண்ணையில்தான். பொழுது சாய்ந்ததும் பாய் விரிப்பார். நடுவில் ஒரே ஒரு ரென் அண்ட் மார்ட்டின். முதுகு பிய்ந்து, சணல் கொண்டு தைத்து, காலண்டர் தாளில் அட்டை போட்டது. அதை அவர் மட்டும்தான் தொடுவார். வாக்கியத்தை அவர் படிக்க, எழுவாய்க்குக் கீழே ஒரு கோடு, வினைக்குக் கீழே இரண்டு கோடு என்று நாங்கள் போட்டுக்கொண்டே போவோம்.

எதிர்த் திண்ணையில் சொல்தா தாத்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக (பிரெஞ்சில் 'சொல்தா') சைகோன்வரை போய்வந்து, பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர். 1954 நவம்பர் 1-இல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த பிறகு ஆபீஸ் காகிதமெல்லாம் மெல்ல இங்கிலீஷுக்கு மாறிவிட, பிரெஞ்சு தெரிந்த மனுஷர் ஒரு மனுவுக்குப் பொடிப்பசங்களைத் தேட வேண்டியதாயிற்று. அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. மேசை நாற்காலிக்கெல்லாம் பிரெஞ்சு மாதிரி இங்கிலீஷில் ஆண் பெண் பார்க்க வேண்டாம் என்பதில் மட்டும் திருப்தி. "அந்த மட்டும் பொழைச்சீங்கடா" என்பார்.

ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் 1930களில் எழுதப்பட்டது. அதை எழுதிய இருவரில் ஒருவரான பி.சி. ரென்தான் 1924-இல் 'போ ஜெஸ்ட்' என்று சகாராவில் கிடந்த பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி நாவலும் எழுதியவர் என்பது எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. அப்போது தாத்தா இல்லை. தெரிந்திருந்தால் எதிர்த் திண்ணையில் அந்தப் புத்தகத்துக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும்.

ஒருநாள் தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதித் தரக் கேட்டு வந்தார் தாத்தா. எங்களில் பெரியவன், டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போகிறவன், 'ஐ ஹம்ப்ளி பெக் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ்' என்று ஆரம்பித்து ஒரு பக்கத்தை நிரப்பினான். வாத்தியார் சிவப்பு மைப் பேனாவைத் திறந்தார். 'ஹம்ப்ளி' போயிற்று. 'பெக்' போயிற்று. 'கைண்ட்' போயிற்று.

"எந்தத் தெரு, எத்தினியாவது போஸ்ட்டு, எத்தினி நாளா எரியலே. படிக்கிறவனுக்கு இதான்டா வேணும்."

பக்கம் நாலு வரியாக இளைத்தது. திங்கட்கிழமையிலிருந்து என்றால் 'சின்ஸ்', இரண்டு வாரமாக என்றால் 'ஃபார்' என்பது எனக்குப் பிடிபட்டது அந்த நாலு வரியில்தான். பயிற்சி பயிற்சியாகப் போட்டும் நிற்காதது, எரியாத விளக்கு ஒன்றைப் பற்றி எழுதும்போது நின்றது.

தாத்தாவுக்கு மனசு ஒப்பவில்லை. "இன்னா சார், பணிவே இல்லியே? தூக்கிக் கெடப்புல போட்ருவான்."

"டியர் சார் போட்டிருக்கு, பெரியவரே. அது போதும்."

சில வாரம் கழித்துப் பதில் வந்தது, டைப் அடித்து, ரப்பர் ஸ்டாம்பு வைத்து. ஒரே வாக்கியம், அரைப் பக்கம். அதன் வாலில் 'ஆக்ஷன் இஸ் பீயிங் டேக்கன்'. வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேஸிவ் வாய்ஸ் அன்றைக்குத்தான் நடத்திக்கொண்டிருந்தார். காகிதத்தை எங்கள் பக்கம் தள்ளி, ஆக்டிவ் வாய்ஸில் மாற்றச் சொன்னார். பென்சிலைக் கடித்தபடி எல்லோரும் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தோம். ஆக்ஷன் எடுக்கிற ஆள் அந்த அரைப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

"எழுவாய் கெடைக்கல சார்" என்றான் பெரியவன்.

எதிர்த் திண்ணையிலிருந்து தாத்தாவின் குரல் வந்தது: "ஆபீஸுக்கே போயி, யாருன்னு கேட்டுக்கினு வந்து எழுதுங்கடா!"