ட்ரிப் ஆகத் தெரிந்த பெட்டி

நெய்வேலியில் மெகாவாட் என்பது டீக்கடைப் பேச்சு. இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள் ஏழு, புதிய அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் யூனிட்டுகள் இரண்டு என்று ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் மட்டுமல்ல, அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் சொல்வார்கள். பெயர்ப்பலகையில் 210 என்று இருந்தால் 210-ம் கம்பியேறி வெளியூர் போய்விடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். லிக்னைட்டை அரைக்கும் மில், காற்றூதும் விசிறிகள், கொதிகலனுக்கு நீரேற்றும் பம்புகள் எல்லாம் அந்த உற்பத்தியிலேயே கை வைக்கும். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நிலையத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

இவ்வளவு தெரிந்த ஊரில், வீட்டுக் கணினிக்கு எஸ்எம்பிஎஸ் என்னும் பவர் சப்ளை வாங்கப் போகும்போது மட்டும் இந்த ஞானம் வேலை செய்வதில்லை.

“தம்பி, இது எத்தனை வாட்ஸ்?”

“450 சார். கேபினட்டோட சேர்ந்தே வருது, தனியா காசு கிடையாது.”

“அப்ப போதும்.”

தனியாகக் காசு கேட்காத அந்தப் பெட்டிக்குள் நடப்பது சின்ன வேலை இல்லை. மின் நிலையத்தின் 210 மெகாவாட் ஜெனரேட்டர் 15.75 கிலோவோல்ட்டில் தரும் மின்சாரம், நெடுந்தூரம் போவதற்காக 230, 400 கிலோவோல்ட் என்று ஏறி, பிறகு துணைமின் நிலையங்கள் வழியாகப் படிப்படியாக இறங்கி, வீட்டுச் சுவரில் 230 வோல்ட்டாக நிற்கிறது. கடைசிப் படி கணினிக்குள். எஸ்எம்பிஎஸ் அந்த மாறுமின்சாரத்தை முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்சாரமாக்குகிறது. அதை வினாடிக்குப் பல பத்தாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறிய டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்புகிறது. அங்கிருந்து 12, 5, 3.3 வோல்ட் என மூன்று வரிசைகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. அவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் டிரான்ஸ்பார்மர் உள்ளங்கையில் அடங்குகிறது. 50 ஹெர்ட்ஸிலேயே இதே வேலையைச் செய்யச் சொன்னால் பழைய ஸ்டெபிலைசர் போலக் கனத்த இரும்புக்கட்டி ஒன்று தேவைப்படும். 1977-ல் வந்த ஆப்பிள்-2 கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த சப்ளை இந்த முறையில் இயங்கியது. விசிறி இல்லாமலே அந்தக் கணினி ஓட அதுவும் ஒரு காரணம். 1981-ல் வந்த ஐபிஎம் பிசிக்கு 63.5 வாட் போதுமானதாக இருந்தது. இன்று நடுத்தர கிராபிக்ஸ் கார்டு ஒன்றே அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்கிறது.

இந்தப் பெட்டி பழுதானால் பழி பெரும்பாலும் வேறெங்காவதுதான் விழும். விளையாட்டின் நடுவில் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸைத் திரும்பப் போடுவார்கள். காலையில் பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்தினால்தான் கிளம்புகிறது என்றால் ராமைக் கழற்றி அழிரப்பரால் துடைத்து மாட்டுவார்கள். ராம் சில சமயம் உண்மையிலேயே குற்றவாளிதான். ஆனால் லோடு ஏறும்போது மட்டும் விழுவது, குளிர்ந்திருக்கும்போது கிளம்பத் தயங்குவது, பெட்டியின் பின்புறத்திலிருந்து கருகல் வாடை அல்லது மெல்லிய கீச்சொலி வருவது ஆகியவை எஸ்எம்பிஎஸ் பக்கம் கைகாட்டும் அடையாளங்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் உலர்ந்தோ உப்பியோ போயிருக்கும்.

மெக்கானிக்குகள் செய்யும் முதல் சோதனை எளிது. சப்ளையை மதர்போர்டிலிருந்து பிரித்துவிட்டு, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஏதாவதொரு கறுப்பு ஒயரையும் ஒரு கம்பித்துண்டால் இணைப்பார்கள். விசிறி சுற்றினால் உயிர் இருக்கிறது. ஆனால் விசிறி சுற்றுவது மட்டும் நற்சான்றிதழ் ஆகாது. லோடு கொடுத்த நிலையில் மஞ்சள் ஒயரில் மல்டிமீட்டர் வைத்தால் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் காட்ட வேண்டும். கணினிச் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதி அனுமதிப்பது ஐந்து சதவீத ஏற்ற இறக்கம். விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டே 11 வோல்ட்டுக்குக் கீழே தொங்கும் சப்ளைகள் உண்டு.

புதிதாக வாங்கும்போது படிக்க வேண்டியது அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண் இல்லை; பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறிய கட்டம். அதில் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட் வரிசையிலிருந்தே குடிக்கின்றன. ஒரு பெட்டியில் 450 வாட்ஸ் என்று போட்டு, கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும்: 192 வாட். மிச்சம் யாருக்கும் அதிகம் தேவைப்படாத 5, 3.3 வோல்ட் வரிசைகளில் கணக்குக்காக நிற்கிறது. நல்ல சப்ளையில் 12 வோல்ட் வரிசை மட்டுமே மொத்தத் திறனை அநேகமாக முழுவதும் தரும். 550 வாட் பெட்டியில் 45 ஆம்பியர் என்று எழுதியிருக்கும்.

அடுத்த கேள்வி வெப்பநிலை. சில நிறுவனங்கள் 25 டிகிரியிலும், சில 40-லும், கறாரான சில 50 டிகிரியிலும் தங்கள் வாட்டை உறுதி செய்கின்றன. கடலூர் மாவட்டத்து மே மாத மதியத்தில், சுவரோடு ஒட்டித் தள்ளிய மேசையின் அடியில், கேபினட்டுக்குள் 25 டிகிரி என்பது நடக்காத காரியம். கெப்பாசிட்டரின் ஆயுளும் சூட்டோடு கட்டுப்பட்டது. ஒவ்வொரு பத்து டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. 85 டிகிரி கெப்பாசிட்டரா, 105 டிகிரி கெப்பாசிட்டரா என்று விளம்பரங்களில் சண்டை நடப்பதன் காரணம் இதுதான்.

எத்தனை வாட் வேண்டும் என்பதற்கு ஜாதகம் பார்க்கத் தேவையில்லை. கோர் ஐ5 12400 பிராசஸரின் உச்சத் தேவை 117 வாட் என்று இன்டெல் சொல்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 170 வாட். மதர்போர்டு, ராம், டிஸ்க், விசிறிகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 60 என்று வைத்தால் 350-க்குள் அடங்கிவிடும். கண நேரத் தாவல்களுக்கும் வயதாவதற்கும் இடம் விட்டு 550 வாட் வாங்கலாம். அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைப்பதும் அதுவே. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கணக்கெழுதவும் பிள்ளைகள் பாடம் படிக்கவும் மட்டும் ஓடும் கணினி 100 வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். அதற்குத் தரமான 400 வாட்டே தாராளம். 850 வாட் வாங்கிப் போட்டால் கெடுதல் ஏதுமில்லை, பணம்தான் தூங்கும்.

பிறகு வருவது அந்த வண்ண முத்திரை: பிரான்ஸ், சில்வர், கோல்டு. 2004-ல் அமெரிக்காவில் தொடங்கிய 80 பிளஸ் திட்டம், ஒரு சப்ளை உள்ளே வாங்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதத்தைச் சூடாக்கி வீணடிக்காமல் கணினிக்குத் தருகிறது என்று பார்த்துத் தரம் பிரிக்கிறது. நெய்வேலிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். நிலையத்துக்குள் தீர்ந்துபோகும் அந்தப் பத்தில் ஒரு பங்கின் வீட்டு வடிவம் இது. கணினி 200 வாட் கேட்கிறது என்று வைத்துக்கொண்டால், 75 சதவீதத் திறன் உள்ள மலிவுச் சப்ளை சுவரிலிருந்து 267 வாட் இழுக்கும். 90 சதவீதம் தருவது 222 வாட் இழுக்கும். தினம் எட்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்குப் பத்தரை யூனிட்டுக்குச் சற்று மேல் வித்தியாசம்.

நெய்வேலியில் யூனிட்டை ரூபாயில் மட்டும் எண்ண முடியாது. இங்குள்ள லிக்னைட்டில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் ஒரு கிலோ எரிய வேண்டும். ஒரு டன் லிக்னைட்டை எட்ட ஐந்தாறு கனமீட்டர் மேல்மண்ணை வாளிச்சக்கர இயந்திரங்கள் அள்ளிக் கொட்ட வேண்டும். அடியிலிருந்து முட்டும் ஊற்றுநீரையும் இரவு பகலாக இறைக்க வேண்டும். ஆக, ஒரு மலிவு எஸ்எம்பிஎஸ் மாதந்தோறும் கூடுதலாக வெறும் சூடாக ஊதித் தள்ளுவதற்கு மைன்ஸில் நான்கு குடம் மண் இடம் மாறுகிறது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததிலிருந்து அந்த மண் யாரோ ஒருவர் நிலமாகவே இருந்து வந்திருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் சுரங்க விரிவாக்கத்துக்கான இயந்திரங்கள் இறங்கியபோது தமிழ்நாடு முழுவதும் அது பேச்சானது. கோல்டு முத்திரை அந்த வழக்கைத் தீர்க்காது. ஆனால் ‘கரண்டுக்குத்தானே, எவ்வளவு ஆகிவிடப் போகிறது’ என்று இந்த ஊரில் சொல்வது கொஞ்சம் கடினம்.

மின்வெட்டு விஷயத்தில் நெய்வேலி நகரியம் நெடுங்காலம் தனித்தீவு. மின்சாரத்தைச் சுரங்க நிறுவனமே தருவதால், 2012-ல் தமிழ்நாட்டின் பல ஊர்கள் நாளில் பாதி இருட்டில் கிடந்தபோதும் நகரியத்தின் வட்டங்களில் விளக்கு எரிந்தது. வேலியைத் தாண்டிய ஊர்களில் இன்வெர்ட்டர் வீட்டுச் சாமான் ஆனது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி மாவட்டத்தின் மின்கம்பங்களைச் சாய்த்த பிறகு, யுபிஎஸ் இல்லாமல் கணினி வாங்குகிறவர்கள் குறைந்தார்கள்.

இங்கே எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரு தேர்வு இருக்கிறது. கரண்ட் போன கணத்திலிருந்து தன் கெப்பாசிட்டரில் தேக்கியதை வைத்து 16 மில்லிசெகண்டாவது அது தாங்க வேண்டும். சாதாரண யுபிஎஸ் பத்து மில்லிசெகண்டுக்குள் பேட்டரிக்கு மாறிவிடும். மலிவுப் பெட்டியில் சிறிய கெப்பாசிட்டர் போட்டு மிச்சம் பிடித்திருந்தால், யுபிஎஸ் சரியாக மாறியும் கணினி விழும். பழி யுபிஎஸ் மீது போகும். வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை மாட்டுகிறவர்கள் இன்வெர்ட்டரின் பின்புறத்தில் இருக்கும் சுவிட்ச் ‘யுபிஎஸ்’ பக்கம் தள்ளியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மற்ற நிலையில் மாறுவதற்கு அதிக நேரம் எடுக்கும். அது சைன் வேவ் இன்வெர்ட்டர்தானா என்றும் கேட்க வேண்டும். பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள புதிய சப்ளைகள் சில, ஸ்கொயர் வேவைக் கண்டால் முரண்டு பிடிக்கும்.

இத்தனை கணக்குக்கும் மேலே, பணம் கொடுத்து வாங்க வேண்டிய குணம் ஒன்று உண்டு. ஆபத்து என்றால் நின்றுவிடுவது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்திய கிரிட் சரிந்து, இரண்டாம் நாள் அறுபது கோடிப் பேருக்கு மேல் மின்சாரம் இழந்தார்கள். தென்னக கிரிட் அப்போது மற்ற கிரிட்டுகளோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படாமல் இருந்ததால் நெய்வேலி தப்பியது. அந்த இணைப்பு 2013 டிசம்பர் 31-ல்தான் வந்தது. வடக்கே நிலையங்கள் ஒவ்வொன்றாக ட்ரிப் ஆனதைப் பத்திரிகைகள் தோல்வி என்று எழுதின. ஆனால் பாதுகாப்பு ரிலேக்கள் சமயத்தில் துண்டித்துவிட்டதால்தான் டர்பைன்கள் பிழைத்து, விரைவிலேயே மறுபடி ஓடின.

நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ளும் அதே வேலைக்குச் சிறிய காவல் சுற்றுகள் இருக்கின்றன: வோல்ட்டேஜ் எகிறினால், ஆம்பியர் அளவு மீறினால், ஷார்ட் ஆனால், சூடு ஏறினால் துண்டித்துக்கொள்ளும். கடைக்காரர்கள் ‘அடிக்கடி ஆஃப் ஆகுது’ என்று குறை சொல்லும் சப்ளை சில சமயம் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும். அந்தச் சுற்றுகளை விட்டுவிட்டு மிச்சம் பிடித்த பெட்டி, சாகும்போது 5 வோல்ட் வரிசையில் அதற்கு மேல் தள்ளி மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும். பத்து வருடக் குடும்பப் படங்கள் இருந்த டிஸ்க்காக அது இருந்தால், மிச்சமான ஆயிரம் ரூபாய்க்கு மதிப்பு என்ன என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

மாற்றும் வேலை நான்கு ஸ்க்ரூதான், ஆனால் கேபிள்களில் பொறி இருக்கிறது. கழற்றி மாட்டும் வகை சப்ளையில் பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றக் கூடாது. கனெக்டர் பொருந்தினாலும் சப்ளை பக்கத்து ஒயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 12 வோல்ட் போய் 5 வோல்ட் இடத்தில் நிற்கும். 1990-களின் இறுதியில் டெல் கணினிகள் பார்வைக்குச் சாதாரண ஏடிஎக்ஸ் கனெக்டரிலேயே ஒயரை இடம் மாற்றி வைத்திருந்தன. கடையில் வாங்கிய சப்ளையை மாட்டியவர்கள் புகையைப் பார்த்தார்கள். பிராசஸருக்கான 8 பின்னும் கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் வேறு வேறு. பழைய பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசையையும் அடக்க வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த 325 வோல்ட் சிறிது நேரம் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கக் கூடும்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு வரும் சிக்கல் பவர் கார்டு. இந்தியாவில் விற்கும் பெரிய சப்ளைகள் சிலவற்றோடு 16 ஆம்பியர் தடித்த ப்ளக் வருகிறது. பழைய குவார்ட்டர்ஸில் அதற்கான சாக்கெட் வாட்டர் ஹீட்டர் பக்கமோ ஃபிரிட்ஜ் பக்கமோதான் இருக்கும். சிலர் கணினி மேசையையே சமையலறை ஓரத்துக்கு நகர்த்துகிறார்கள். சிலர் எர்த் பின் தொடாத கன்வெர்ட்டரைச் செருகி, கேபினட்டைத் தொடும்போதெல்லாம் ‘சுள்’ என்று வாங்குகிறார்கள். 400 வாட் இழுக்கும் கணினிக்கு 230 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர்கூட ஆகாது. ஐஎஸ்ஐ முத்திரையுள்ள 6 ஆம்பியர் மூன்று பின் கார்டு ஒன்றைத் தனியாகக் கேட்டு வாங்கி, எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டு ஒருமுறை பார்த்துக்கொண்டால் மேசை இருந்த இடத்திலேயே இருக்கும்.