கடன் கொப்பியில் ஊர்ப் பெயர்கள்

இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் அடுத்தடுத்து இரண்டு கிராமங்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் கிரேட் ஸ்நோரிங். மற்றதன் பெயர் லிட்டில் ஸ்நோரிங். தமிழில் சொன்னால் பெருங்குறட்டை, சிறுகுறட்டை! இதில் இன்னொரு வேடிக்கை, பெருங்குறட்டையை விடச் சிறுகுறட்டையில்தான் ஆட்கள் அதிகம். ஸ்நேர் என்ற பெயருடைய ஒருவரின் ஆட்கள் வாழ்ந்த இடம் என்பதே அந்தப் பெயரின் பழைய பொருளாம். காலப்போக்கில் அந்த மனிதரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். குறட்டை மட்டும் மிஞ்சிவிட்டது.

இதை வாசித்த அன்று எங்கள் உயர்தர வகுப்பே சிரித்தது. “அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தால் சான்றிதழை யாரிடம் காட்டுவது?” என்று ஒருத்தி கேட்டாள். ஆனால் சப்ரகமுவையில் பிறந்த நாங்கள் வேறு ஊர்களின் பெயரைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? எங்களைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களைக் கேட்டால் அந்தக் குறட்டைக்காரர்களே தூக்கம் கலைந்து எழும்பிச் சிரிப்பார்கள்.

இதற்கு ஆதாரம் என் வாப்பாவின் கடன் கொப்பி. பலாங்கொடைப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சில்லறைக் கடை இருக்கிறது. வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள். மாவும் சீனியும் பருப்பும் மாதக் கடனுக்குப் போகும். சம்பள நாளில் கணக்குத் தீரும், அல்லது அடுத்த மாதத்துக்குப் பாயும். ஒரே பெயரில் 4 பேர் இருப்பதால், வாப்பா ஆளின் பெயரோடு தோட்டத்தின் பெயரையும் எழுதிக்கொள்வார். ஆங்கிலப் பெயர்கள் வாப்பாவின் பேனாவுக்குள் புகுந்து வெளியே வரும்போது, அவற்றை வைத்த துரைமாருக்கே அடையாளம் தெரியாது. ‘சிசில்டன்’ என்ற தோட்டம் ஒரு பக்கத்தில் ‘சீசல்டன்’, மறு பக்கத்தில் ‘சிசிலிட்டன்’. “ஏன் வாப்பா ஒரு தோட்டத்தை மூன்றாக்கினீங்க?” என்று கேட்டால், “கடன் ஒண்ணுதானே மகள்” என்பார்.

இந்தக் கொப்பியில் எனக்கு மிகப் பிடித்த பெயர் ‘நன்பேரியல்’. நல்ல பேர், நல்ல இயல்பு என்று பொருள் பிரித்து, யாரோ ஒரு புலவர் வைத்த தூய தமிழ்ப் பெயர் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். உண்மையில் அது ‘நொன் பரெய்ல்’ என்ற பிரெஞ்சுச் சொல். ‘ஒப்பில்லாதது’ என்பது அதன் பொருள். பிரெஞ்சுக்காரரின் சொல்லை எடுத்து, ஆங்கிலத்தில் எழுதி, இலங்கை மலையில் ஒட்டியிருக்கிறார்கள். நம்மவர்களின் வாய் அதைத் தமிழாக்கிவிட்டது. எந்த மொழிபெயர்ப்பாளரும் இவ்வளவு அழகாகச் செய்திருக்க முடியாது.

அந்தத் தோட்டம் இருக்கும் இடம் இன்னும் சுவையானது. பெலிஹுல்ஓயாவிலிருந்து ஒஹியாவுக்கு ஏறும் வழியில், ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்தில் அது இருக்கிறது. ஹோர்ட்டன் என்பவர் 1831 முதல் 1837 வரை இலங்கையை ஆண்ட ஆளுநர். அந்தச் சமவெளிக்கு அதற்கு முன்பே ‘மஹ எலிய’ என்ற சிங்களப் பெயர் இருந்தது. சமவெளியின் ஓரத்தில் நிலம் சடாரென்று முடிந்து பெரும் பள்ளமாகும் இடத்துக்கு ‘உலக முடிவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உல்லாசப் பயணிகள் விடியற்காலையில் அங்கே நின்று, “ஆகா, உலகம் இங்கே முடிகிறது!” என்று படம் எடுக்கிறார்கள். அதே நேரத்தில் கீழே, முடிந்துபோன அந்த உலகத்துக்கு அப்பால், நம்முடைய அக்காமார் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிறார்கள். மேலே நிற்பவருக்கு உலக முடிவு. கீழே இருப்பவருக்கு அன்றைய வேலையின் தொடக்கம்.

இன்னும் சில பெயர்களைக் கேளுங்கள். ரக்வானையில் ‘ஸ்பிரிங்வூட்’ இருக்கிறது. ஸ்பிரிங் என்றால் வசந்தம், நீரூற்று, கம்பிச்சுருள் என்று அகராதி மூன்று பொருள் தருகிறது. வசந்தமாக இருக்க முடியாது. இரத்தினபுரி மாவட்டத்தில் எங்களுக்குத் தெரிந்த பருவங்கள் இரண்டுதான்: மழை, பெருமழை. ருவன்வெல்லைப் பக்கம் ‘சனிக்ரொஃப்ட்’. வெயில் படும் சின்னக் காணி என்று அர்த்தம் கொள்ளலாம். ஆனால் தமிழ்க் காதுக்கு முதலில் கேட்பது சனி! கஹவத்தைப் பக்கத்து ஹவுப்பே தோட்டத்தின் ஆங்கில எழுத்துக்களைப் பாருங்கள், ‘நம்பிக்கை’ என்ற ஆங்கிலச் சொல்லை விட ஒரே ஓர் எழுத்துத்தான் கூட. தெரணியகலையில் ‘நூரி’ தோட்டம். நூர் என்றால் ஒளி என்பது நமக்குத் தெரியும். முதன்முதலில் அந்தப் பெயரைக் கேட்ட என் உம்மா, “யார்ட மகள்?” என்றுதான் கேட்டார்.

இப்பெயர்கள் எப்படி வந்தன? கோப்பி பயிரிட ஸ்கொட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த துரைமார், காட்டை வெட்டிய இடத்துக்கெல்லாம் தங்கள் ஊரையோ, வீட்டையோ, விருப்பமானவரையோ நினைத்துப் பெயர் வைத்தார்கள். 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. சில வருடங்களில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. பெயர்கள் போகவில்லை. 1972இல் நாட்டின் பெயரே சிலோனிலிருந்து ஸ்ரீ லங்கா ஆனது. 1975இல் வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தோட்டங்களும் அரசுடைமையாயின. அப்போதும் பெரும்பாலான தோட்டப் பெயர்கள் அசையவில்லை. தேயிலைப் பெட்டியிலும் இன்றுவரை ‘சிலோன் ரீ’தான்.

துரைமார் காட்டை வெட்டினார்கள் என்று எழுதிவிட்டேன். வெட்டச் சொன்னார்கள் என்பதே சரி. வெட்டியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்கள். அவர்களும் பெயர் வைத்தார்கள். எங்கள் கடைக்கு வரும் ஒரு பாட்டியிடம் தோட்டத்துப் பெயரின் அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். “அது தொரைங்க வச்ச பேரு பாப்பா. எங்களுக்கு என்னா தெரியும்? நாங்க கொழுந்து எடுக்கிறது பங்களா மலையில, கோயில் மலையில, பலாமரத்து மலையில” என்றார். பலாமரம் இப்போது இருக்கிறதா என்று கேட்டேன். “எங்க அம்மா காலத்துலயே விழுந்துருச்சு” என்று சிரித்தார். மரம் விழுந்த பின்னும் பெயர் நிற்கிறது. ஆனால் எந்த வரைபடத்திலும் அது இல்லை.

இங்கேதான் என் சிரிப்புக் கொஞ்சம் குறைகிறது. ரியூஷன் வகுப்பில் எனக்கு ஒரு தோட்டத்துத் தோழி இருக்கிறாள். அவளுடைய விலாசத்தில் ஓர் ஆங்கிலேயத் துரையின் ஞாபகம் இருக்கிறது. மேல் டிவிசன் இருக்கிறது. ஊரின் பெயர் இருக்கிறது. இல்லாதது வீட்டு இலக்கமும் வீதியும்தான். தபால் நேரே அவர்களின் லயத்துக்கு வராது. தோட்டத்துக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து யாராவது அந்தப் பக்கம் போகும்போதுதான் கைக்கு வரும். அவளுடைய அக்காவுக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்து இரண்டாம் நாள் கிடைத்தது. அக்கா அந்தக் கடிதத்தை எறியவில்லை. மடித்துச் சான்றிதழ்களோடு வைத்திருக்கிறாராம். அதன் பின் என் தோழி எந்த விண்ணப்பத்திலும் எங்கள் கடை விலாசத்தைத்தான் எழுதுகிறாள். அவளுக்குக் கடிதம் வந்தால் வாப்பா கடன் கொப்பிக்குள் பத்திரமாக வைத்திருப்பார்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, இந்த மலைகளில் பிறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனார்கள். எஞ்சியிருந்தோரின் பிரச்சினையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாடு கிடைத்துவிட்டது. வாக்கும் கிடைத்துவிட்டது. ஒரு கடிதம் வந்து கதவைத் தட்டுவதற்கு ஓர் இலக்கம் கிடைக்க இன்னும் எத்தனை காலம்?

பழைய பெயர்களை அழித்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நன்பேரியலை யாராவது மாற்றினால் முதலில் அழுவது நானாகத்தான் இருக்கும். துரையின் ஞாபகமும் இருக்கட்டும். அதற்குக் கீழே பலாமரத்து மலையையும் ஒரு வரியில் எழுதுங்கள், ஒவ்வொரு கதவிலும் ஓர் இலக்கத்தைப் போடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். பெருங்குறட்டையில் தூங்குகிறவருக்குக் கூட வீட்டு வாசலுக்குத் தபால் வருகிறது. விடியுமுன் எழும்பி மலை ஏறுகிறவருக்கு வரக்கூடாதா?