ஏலத் தூரும் டூம் மேப்பும்

ஏலக்காய் பறிப்பு நடக்குற மாசங்கள்ல ராத்திரித் தூக்கம்ங்கறது மேட்டுல கிடையாது. பறிச்ச காயை அன்னிக்கே ஸ்டோர்ல ஏத்தணும். ஸ்டோர்னா கடை இல்லீங்க, காய் உலர்த்துற அறைக்கு எங்க பக்கத்துப் பேரு. சூடு 50 டிகிரியை ஒட்டியே நிக்கணும். கூடினா பச்சை நிறம் போயிரும், குறைஞ்சா பூசணம் புடிச்சிரும். ஒரு ஈடு காய ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் யாராவது முழிச்சிருக்கணும். எங்க தோட்டத்துல அந்த ஆள் நான்தான். நான் முழிச்சிருக்க உதவி செய்யறது ஒரு பழைய லேப்டாப்பும் டூம் விளையாட்டும்.

துப்பாக்கியோட நாமளே இருட்டு அறைக்குள்ள நடந்து போற மாதிரியான விளையாட்டு அது. 1993 டிசம்பர் 10-ல வந்தது. சென்னையில ஐ.டி. வேலை பாக்குற அக்கா மகன் ஒருதடவை மேல வந்தப்ப, "என்ன மாமா, முப்பது வருசமா இன்னும் முடிக்கலையா?"ன்னு சிரிச்சான். முடியாதுடான்னேன். ஏன்னா கம்பெனி போட்ட மேப்புகளை எப்பவோ முடிச்சாச்சு. இப்ப நான் ஆடுறதெல்லாம் ரசிகர்கள் போட்ட மேப்பு. அது வருசா வருசம் புதுசா வந்துக்கிட்டே இருக்கு.

இதுக்குக் காரணம் ஜான் கார்மாக் எடுத்த ஒரு முடிவு. அவங்க முந்தைய விளையாட்டான வுல்ஃபென்ஸ்டீன் 3டி-யை ரசிகர்கள் நோண்டி, மூலக் கோப்பு மேலயே எழுதி மாத்திக்கிட்டு இருந்தாங்க. அதைப் பாத்த கார்மாக், டூமுக்கு இயந்திரத்தைத் தனியா, மேப்பு படம் சத்தமெல்லாம் தனியான்னு பிரிச்சு வச்சாரு. அந்தத் தனிக் கோப்புக்கு 'வாட்'னு பேரு. நீங்க ஒரு மேப்பு வரைஞ்சா அதை மூலத்துக்கு மேல விரிச்சு ஆடலாம், மூலம் கெடாது. ஐடி சாஃப்ட்வேர் கேட்டுக்கிட்டது முக்கியமா ஒண்ணுதான்: இலவசமா கொடுக்குற முதல் பாகத்துல அந்த மேப்பு ஓடக்கூடாது, முழு விளையாட்டைக் காசு கொடுத்து வாங்கினவங்களுக்குத்தான் ஓடணும். அடுத்த வருசமே, 1994-ல, ரசிகர்களே மேப்பு வரையற மென்பொருளும் எழுதிட்டாங்க. 1997 டிசம்பர்ல விளையாட்டோட நிரலையே கம்பெனி திறந்து விட்டுருச்சு.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது மேப்பு இல்லீங்க. மேப்போட சேத்து வைக்கிற ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. யார் செஞ்சது, எதை வச்சு செஞ்சது, தெரிஞ்ச குறை என்ன, அடுத்தவங்க இதை எடுத்து மேல கட்டலாமா கூடாதா, எல்லாம் அதுல இருக்கும். காசே கைமாறாத இடத்துல இவ்வளவு ஒழுங்கு.

காசு வந்தப்ப என்ன ஆச்சுங்கறதும் இருக்கு. டீம்டிஎன்டி-ங்கற ரசிகர் குழு 32 மேப்பு கொண்ட 'எவிலூஷன்'ங்கற தொகுப்பை இலவசமா விடுறதா சொல்லி வேலை பாத்தாங்க. வெளியிடப் போற நேரத்துல ஐடி சாஃப்ட்வேர் அதை விலைக்கு வாங்கிருச்சு. டேரியோ, மைலோ காசாலி அண்ணன் தம்பி செஞ்ச 'புளூட்டோனியா'வோட சேத்து 1996-ல 'ஃபைனல் டூம்'னு கடைக்கு வந்துச்சு. செஞ்சவங்களுக்கு அது பெருமைதான். டேரியோ பின்னால வால்வ் கம்பெனியில சேந்து 'ஹாஃப்-லைஃப்' வேலையில இருந்தாரு. ஆனா இலவசம்னு காத்திருந்தவங்களுக்குக் கோபம். அதே வருசம் டீம்டிஎன்டி 'இக்கரஸ்'னு இன்னொரு 32 மேப்பை இலவசமாவே விட்டாங்க.

இதெல்லாம் தோட்டக்காரனுக்கு எதுக்குன்னு கேக்கலாம். எங்க மலையில இன்னிக்கு எங்க பாத்தாலும் நிக்கிற ஞள்ளானி ஏலம், ஆராய்ச்சி நிலையத்துல பொறந்தது இல்ல. இடுக்கி மாவட்டத்து விவசாயி செபாஸ்டியன் ஜோசப் நல்ல தூரைப் பாத்துப் பாத்துத் தேர்ந்தெடுத்து உண்டாக்கினது. ஏலத்துல ஒரு தூரைப் பிரிச்சுப் பக்கக்கன்னை நட்டா தாய் மாதிரியே வரும். அதனால ஒரு தோட்டத்துல இருந்து பத்துத் தோட்டம், பத்துல இருந்து மலை முழுக்கன்னு பரவிருச்சு. அவங்க வீட்டுப் பேரு அதோட ஒட்டிக்கிச்சு, அது நல்லகாலம். இதே மாதிரி நல்ல தூர் கண்டுபிடிச்ச மத்தவங்க பேரெல்லாம் எங்க போச்சு? போடியில ஏலம் கூறும்போது பேசறது காயோட பருமனும் நிறமும்தான். எந்தத் தூரு, யார் தேர்ந்தெடுத்ததுன்னு கேக்க ஆள் இல்லை.

எங்க ஐயா பாத்து வச்ச தூர் ஒண்ணு கீழ்ச் சரிவுல இருக்கு. மழை பொய்ச்ச வருசத்துலயும் அது சரம் விட்டுச்சு. போன வருசம் ஒரு நாற்றங்கால்காரர் வந்தாரு. "அண்ணே, கன்னுக்கு நல்ல விலை தாரேன். ஆனா வேற யாருக்கும் குடுக்கக்கூடாது. பேரு நாங்க வச்சுக்குவோம்"னாரு. அவர் சொன்ன தொகைக்கு ஸ்டோருக்குப் புதுத் தகரமே போட்டுறலாம். ரெண்டு நாள் யோசிச்சேன், பொய் சொல்லல.

2001-ல வந்த தாவர ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. விவசாயி தான் உருவாக்கின ரகத்தைத் தன் பேருலயே பதியலாம்ங்கறது அதுல உண்டு. அந்தப் பதிவு வேலையைப் பாக்கணும். அதுக்கு முன்னாடி டூம்காரங்க கிட்ட கத்துக்கிட்டதைச் செஞ்சேன். நாற்றங்கால்காரர்கிட்ட, "தம்பி, விலைக்குத் தாரேன், ஆனா எல்லாருக்கும் தருவேன், பேரு ஐயா பேருதான்"னு சொன்னேன். அவர் ஒத்துக்கல, போயிட்டாரு.

இப்ப கன்னு வாங்க வர்றவங்களுக்கு ஒரு துண்டுச்சீட்டும் தாரேன். தாய்த்தூர் நிக்கிற சரிவு, தேர்ந்தெடுத்தவர் பேரு, வறட்சி தாங்கும், ஆனா அழுகல் நோய்க்கு லேசா இளகும், பிரிச்சு அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம், குடுக்கும்போது இந்தச் சீட்டையும் சேத்துக் குடுங்க. இதுவரைக்கும் ஏழு தோட்டத்துக்குப் போயிருக்கு. அதுல ஒருத்தர் சீட்டைப் படிச்சுட்டு, "குறையைக் கூடவா எழுதித் தருவாங்க?"ன்னு கேட்டாரு. எழுதணும்ங்க. வாங்கினவரு அந்தக் குறையையும் நிவர்த்தி பண்ணிட்டா, சீட்டுல அடுத்த பேரு அவரோடது.