பொன்னாடையும் பூட்சும்

கால்பந்தாட்டத்தில் அணி வென்றால் கோல் அடித்தவனைத் தோளில் சுமக்கிறோம். தோற்றால் கோல் காப்பாளனைக் குறை கூறுகிறோம். ஆடுகளத்துக்கு வெளியே, மேசையைச் சுற்றி அமர்ந்து முடிவெடுத்தவர்களை எவரும் நினைப்பதில்லை. அவ்வாறு அமர்ந்தவர்களுள் நானும் ஒருவன் என்பதாலேயே இதனை எழுதுகிறேன்.

என் பாட்டனார் இளமையில் கல்கத்தாவில் ஒரு தோல் மண்டியில் கணக்கெழுதியவர். முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் ஆட்டங்களை மழையில் நனைந்தபடி கண்டவர். 1891-இல் தோன்றிய அக்கழகம், 1934-இல் முதற்பிரிவில் அடியெடுத்து வைத்த ஆண்டிலேயே கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. 1898-இல் தொடங்கிய அப்போட்டியில் அதுவரை பிரிட்டிஷ் அணிகளே வாகை சூடி வந்தன. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை அப்பட்டம் முகமதனுக்கே உரியதாயிற்று. 1940-இல் டூராண்ட் கோப்பையை வென்ற முதல் இந்திய அணியும் அதுவே.

இவ்வெற்றிகளின் வேர் எங்கே இருந்தது? அக்காலத்து இந்திய வீரர்கள் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடினர். 1911-இல் மோகன் பகான் அவ்வாறே கேடயம் வென்றதால் அது பெருமையாகவும் கருதப்பட்டது. ஆனால் லீக் ஆட்டங்கள் கார்காலத்தில் நடப்பவை. சேற்றில் வெறுங்கால் வழுக்கும். பூட்சு பற்றி நிற்கும். முகமதன் நிருவாகிகள் பெருமையைப் பாராமல் தரையைப் பார்த்தனர். வீரர்களுக்குப் பூட்சு அணிவித்தனர். பெங்களூர், குவெட்டா என வங்கத்துக்கு அப்பாலிருந்தும் திறமையுடையோரைத் தேடி அழைத்தனர். வள்ளுவர் ‘தெரிந்துவினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்ததன் பொருள் இதுதான் அன்றோ?

“தம்பி, கோல் அடிச்சது காலு, அடிக்க வச்சது கணக்குப் புத்தகம்” என்பார் பாட்டனார்.

இத்தனையும் கேட்டு வளர்ந்த நான் செய்தது என்ன? பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு கல்லூரியில் விளையாட்டுக் குழு உறுப்பினனாக இருந்தேன். உடற்கல்வி ஆசிரியர் ஆறு இணை பூட்சு கேட்டார். கையிருப்போ குறைவு. அணி அரையிறுதிக்குத் தேறியதைப் பாராட்டி விழா எடுக்கலாம் என்றது குழு. பந்தலுக்கும் பொன்னாடைகளுக்கும் பணம் தீர்ந்தது. அத்தீர்மானத்தில் நானும் கையொப்பமிட்டேன். விழாவில் வரவேற்புரையும் நானே ஆற்றினேன்.

அரையிறுதியன்று நல்ல மழை. அடி தேய்ந்த பூட்சுடன் ஆடிய எங்கள் தற்காப்பு வீரன் ஒருவன் வழுக்கி விழுந்தான். பந்து வலைக்குள் புகுந்தது, ஆட்டம் போயிற்று. முழங்காலில் கட்டுடன் அவன் என்னிடம் வந்து, “மன்னிச்சிடுங்க ஐயா, கால் வழுக்கிடுச்சு” என்றான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நானல்லவா? அதைச் சொல்ல அன்று எனக்கு நா எழவில்லை. அவ்வாண்டு முழுவதும் அவன் களமிறங்கவில்லை.

பெரிய கழகங்களும் இவ்விதிக்கு விலக்கல்ல. 1981-க்குப் பின் அடுத்த லீக் பட்டத்துக்கு முகமதன் 2021 வரை காத்திருக்க நேர்ந்தது. 2024-இல் ஐ-லீக் பட்டம் வென்று ஐ.எஸ்.எல். போட்டிக்கு உயர்ந்த அதே கழகம், 2024–25 பருவத்தில் கடைசி இடத்தில் முடிந்தது. ஊதியம் உரிய காலத்தில் வரவில்லை என்ற வீரர்களின் குறை அப்பருவம் முழுதும் செய்தியாயிற்று. முன்னோர் வென்ற கோப்பைகள் இன்றைய வீரனின் வீட்டில் உலை வைக்கா.

மாணவச் செல்வங்களே, உங்களுள் களத்தில் ஆடுவோர் சிலர். நாளை ஜமாஅத்திலும் கல்லூரியிலும் கழகத்திலும் முடிவெடுக்க அமர்வோர் பலர். பொறுப்பு என்பது அமானிதம். கையொப்பமிடுமுன், மழையில் ஓடப்போகிறவனின் காலை ஒரு முறை குனிந்து பாருங்கள். நான் பார்க்கத் தவறினேன்.