யாரோ அளவு கொடுத்த கோட்டு

ஜனவரி 4, ஞாயிறு, டொராண்டோ

இங்கிலாந்தில் லீட்ஸ் பக்கத்து விற்பனையாளர் ஒருவர் பழைய ஹாரிஸ் ட்வீட் கோட்டு ஒன்றை இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கிறார். 45 பவுண்டு, தபால் செலவு தனி. கரும்பச்சை நிறம், மீன்முள் நெசவு. உருண்டை மேல் சிலுவை வைத்த முத்திரைப் பட்டை படத்தில் தெளிவாகத் தெரிகிறது. 1910-இல் பதிவான முத்திரை அது. ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரடீஸ் தீவுகளில், நெசவாளி தன் வீட்டில் கையால் நெய்தால்தான் அது ஹாரிஸ் ட்வீட் என்று 1993-இல் தனிச் சட்டமே போட்டார்கள். அதனால் துணியைப் பற்றிக் கவலை இல்லை, அளவுதான் உதைக்கிறது. “40 இருக்கும்” என்று எழுதியிருக்கிறார். ‘இருக்கும்’ என்பதற்கெல்லாம் பணம் கட்ட முடியாது.

மதுரையில் தைத்துக் கொண்டுவந்த, எனக்குச் சரியாக உட்காரும் கோட்டைக் கட்டிலில் விரித்து, பட்டனைப் போட்டு, டேப்பை வைத்தேன். கக்கத்துக்குக் கக்கம் 21 இன்ச். தோள் 18. காலர் நீங்கலாக முதுகு நீளம் 29. கை 24. உங்கள் கோட்டையும் இப்படியே விரித்து அளந்து, டேப் தெரியப் படமெடுத்து அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறேன். உடம்பின் அளவை அனுப்பிப் பிரயோசனமில்லை. துணியைத் துணியோடுதான் ஒத்துப் பார்க்க வேண்டும். கையைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம். தோள் ஒத்துவராவிட்டால் மட்டும் அந்தக் கோட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

ஜனவரி 7, புதன்

பதில் வந்துவிட்டது. 21½, 18, 29½, 25. தோள் அப்படியே பொருந்துகிறது. கேட்காமலே உள் பாக்கெட்டைப் புரட்டியும் ஒரு படம் எடுத்திருக்கிறார். உள்ளே பர்ட்டன் கடையின் பட்டை, அதில் மையால் ஒரு ஆளின் பெயர், 1967 அக்டோபரில் ஒரு தேதி. பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் எங்காவது இருப்பார்கள்.

மாண்டேகு பர்ட்டன் 1900-இல் லித்துவேனியாவிலிருந்து தனியாக இங்கிலாந்துக்கு வந்து இறங்கிய யூதப் பையன். பிறகு ஊருக்கு ஊர் அவர் கடைதான். கடையில் அளவு மட்டும் எடுப்பார்கள். அது லீட்ஸ் ஹட்சன் ரோட்டு ஆலைக்குப் போகும். நல்ல காலத்தில் 10,000 பேர் வேலை பார்த்த இடம். அங்கே வெட்டினவரும் தைத்தவரும் போடப்போகிறவரின் முகத்தைப் பார்த்ததே கிடையாது. சீட்டில் இருந்த எண்களுக்குத் தைத்து அனுப்பினார்கள். பார்க்காமல், போட்டுப் பார்க்காமல் கடல் தாண்டி வாங்குகிறாயே என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். இந்தக் கோட்டு பிறந்ததே அப்படித்தான்.

பணம் கட்டியாயிற்று.

ஜனவரி 10, சனி

தேதி எழுதிய உடுப்பு கிடைப்பது அபூர்வம். மற்றவற்றில் பட்டைகளைப் பார்த்துத்தான் துப்பறிய வேண்டும். கம்பளிக்கான வுல்மார்க் சின்னம் இருந்தால் 1964-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அமெரிக்க உடுப்பில் துவைக்கும் முறை சொல்லும் பட்டை தைத்திருந்தால் பெரும்பாலும் 1972-க்குப் பிறகு வந்தது, ஏனென்றால் அந்த ஆண்டுதான் அது கட்டாயமானது. இன்று ஒருவர் “40களின் சூட்” என்று 300 டாலர் கேட்கிறார். படத்தைப் பெரிதாக்கினால் துவைப்புப் பட்டை பல்லைக் காட்டுகிறது.

பிரிட்டிஷ் உடுப்புகளில் எனக்கு ஆசை சிசி41 பட்டை மேல். ஒரு துண்டு வெட்டி எடுத்த இரண்டு சீஸ் வட்டங்களும் அருகில் 41-உம். போர்க்காலத்தில், 1941-இல், துணிக்குக் கூப்பன் வந்தபோது அரசு கொண்டுவந்த சிக்கன உடுப்பின் அடையாளம். அடுத்த ஆண்டு இன்னும் இறுக்கினார்கள். கோட்டில் பாக்கெட் இத்தனைக்கு மேல் கூடாது, பேன்ட் காலடியில் மடிப்பு கூடவே கூடாது. ஆண்கள் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்கள், மடிப்பு போனதை மட்டும் பொறுக்கவில்லை. நீளமான பேன்ட்டாக வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். 1944-இல் அரசே விட்டுக்கொடுத்தது. நல்ல நிலையில் இருக்கும் சிசி41 சூட் என் கைக்கு எட்டாத விலை. பட்டையை மட்டும் புதிதாக அச்சடித்துத் தைத்துவிடவும் முடியும் என்பதால் எட்டினாலும் யோசிப்பேன்.

ஜனவரி 14, புதன், போகி

அம்மா போனில் வந்தாள். அவள் மருமகள், அதாவது என் மனைவி, ஏற்கனவே போட்டுக்கொடுத்துவிட்டாள். “இங்க ஊரே பழசக் கொளுத்துது, நீ காசு குடுத்துப் பழச வாங்குறியாக்கும். யாரு போட்டுச் செத்தானோ!” செத்தவர் துணியை வீட்டில் வைக்காத குடும்பம் எங்களுடையது. தாத்தாவின் வேட்டிகள் பதினாறு முடிந்த கையோடு போய்விட்டன. அம்மாவுக்கு என்ன பதில் சொல்ல?

சென்னையிலிருக்கும் தம்பி மட்டும் தனக்கும் ஒன்று என்றான். பிறர் போட்ட உடுப்பை உரிமம் இல்லாமல் இந்தியாவுக்குள் இறக்க முடியாது என்றேன். கந்தலாக வந்தால் சரி. குளிர்நாட்டுக் கம்பளிக் கோட்டுகள், மறுபடி யாரும் போட முடியாதபடி கிழித்துவிடப்பட்டு, காண்ட்லா துறைமுகம் வழியாகப் பானிபட்டுக்குப் போகின்றன. அங்கே பட்டனையும் ஜிப்பையும் பிய்த்துவிட்டு, நிறம் பிரித்து, பஞ்சாக்கி, திரும்ப நூற்றுப் போர்வை நெய்கிறார்கள். இந்த வித்தையை 1813-இல் தொடங்கிவைத்தவர் பெஞ்சமின் லா. அவர் ஊர் பேட்லி, என் கோட்டு புறப்பட்ட லீட்ஸுக்குப் பக்கம். யாரும் வாங்காமல் விட்டிருந்தால் இதுவும் பானிபட்டில் போர்வையாகியிருக்கலாம்.

ஜனவரி 22, வியாழன்

பார்சல் வந்தது, கூடவே பில்லும். கனடா சுங்கத்துக்குப் பழசு புதுசு என்ற பேதம் இல்லை. 83 டாலர் மதிப்புக்கு 18 சதவீதத் தீர்வை, இரண்டையும் கூட்டி அதன்மேல் 13 சதவீத விற்பனை வரி, தபால்துறைக்குக் கையாளும் கூலி 9.95. ஆக 37 டாலர் 62 சென்ட். ‘பரிசு’ என்று எழுதி அனுப்பட்டுமா என்று கேட்கிற விற்பனையாளர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். பொட்டலம் தொலைந்தால் பரிசுக்கு யார் நஷ்டஈடு தருவார்கள்?

கம்பளியில் பயம் அந்துக்குத்தான். அதன் புழு தின்னுமே தவிர சத்தம் போடாது. கோட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன், ஓட்டை இல்லை. இருந்தாலும் முட்டை இருக்கலாம். பிளாஸ்டிக் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டி, இரண்டு வாரத்துக்கு ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். இடம் கிடைத்தது வஞ்சிரத்துக்கும் துருவின தேங்காய்க்கும் நடுவில்.

“என்னங்க, இது நம்ம சாப்பிடற எடம்.”

“சீல் பண்ணியிருக்கேன்.”

“அந்த ஆளையும் சேத்துச் சீல் பண்ணினீங்களா?”

இரண்டு நாள் தேங்காய் போட்ட குழம்பு இல்லை.

பிப்ரவரி 7, சனி

ஸ்கார்பரோவில் தையல்கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து ஐயாவிடம் கொண்டுபோனேன். கை ஒரு இன்ச் நீளம். கைப்பட்டன்கள் ஒப்புக்குத் தைத்தவை, துளை வெட்டவில்லை. அதனால் அடியிலேயே ஏற்றிவிடலாம் என்றார். பிறகு கோட்டை உள்பக்கம் திருப்பி, விரலைக் கக்கத்து லைனிங்குக்குள் விட்டுக் காட்டினார். நூல் இற்று, துணி சல்லடையாகக் கிடந்தது. விற்பனையாளர் அனுப்பிய எந்தப் படத்திலும் அந்த இடம் இல்லை.

“அடுத்தமுறை கமக்கட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கோ தம்பி. வேர்வையில முதல் போறது அதுதான்.”

லைனிங் முழுதும் மாற்ற அவர் சொன்ன கூலி கோட்டின் விலையைவிட அதிகம். கமக்கட்டில் மட்டும் ஒட்டுப் போடச் சொல்லிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் வரச் சொல்லியிருக்கிறார்.